அசல் பாகங்கள்

2054 ஆகஸ்ட் 9 அன்று, ஈரோட்டில் ஒரு மருத்துவமனை, தீவிர சிகிச்சையில் இருந்த தினகரைப் பார்க்க அவர் மனைவி சுகன்யாவை அனுமதிக்கவில்லை. கல்யாண வீடியோவை யார் வேண்டுமானாலும் நொடியில் உருவாக்கிவிடலாம் என்பதால், அசல் பாகங்கள் மாறாத பழைய கணினியில் ஓடும் வீடியோ மட்டுமே மனைவி என்பதற்குச் சான்று. பதிவுப் பத்திரமோ வாய்ச்சாட்சியோ செல்லாது.

மறுநாள் அவள் கல்யாண வீடியோ இருந்த தன் முப்பது வருட மடிக்கணினியை, கணினி பழுதுபார்க்கும் முகிலனிடம் கொண்டுபோனாள். அவன் அடிமூடியைக் கழற்றினான். உள்ளே பலகை முழுக்கப் பச்சைக் களிம்பு.

"இதுல தண்ணி கொட்டுனீங்களாக்கா?"

"ஐயோ, இல்லீங்க தம்பி. பீரோவுல பூட்டியில்ல வச்சிருந்தேன்! ஆயுத பூஜைக்கு மட்டும் எடுத்துப் பொட்டு வச்சு, மஞ்சத்தண்ணி தெளிப்பேன்."

"எத்தனை வருசமா?"

"கல்யாணமானதுல இருந்து. ஒரு வருசம் தவறல."

முகிலன் ஸ்பிரிட் தொட்ட பிரஷால் மூன்று மணி நேரம் தேய்த்தான். களிம்பு போனது, கணினிக்கு உயிர் வரவில்லை. கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று செத்திருந்தது. புதியது அவன் டப்பாவிலேயே கிடந்தது.

"இதைப் போட்டா ஓடும்க்கா. ஆனா ஆஸ்பத்திரி ஸ்கேன்ல மாட்டிக்கும், செல்லாதும்பாங்க."

"போடாட்டி?"

"ஓடவே ஓடாது."

சுகன்யா டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். "போடுங்க தம்பி. இதுலயாச்சும் அவரைப் பார்த்துக்கறேன்."

திரையில் தினகர் தாலி கட்டினார். மூன்றாம் முடிச்சை அவர் தங்கை நந்தினி போட்டாள்.

அப்படியும் அவள் கொண்டுபோய்க் காட்டினாள்; மருத்துவமனை அந்தச் சான்றை நிராகரித்தது. நான்காம் நாள் தினகர் இறந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த நந்தினி, ரத்தச் சோதனையில் தங்கை என்று நிரூபித்து, கையெழுத்திட்டு உடலை வாங்கினாள்.