இடது காது

"உனக்கென்னப்பா, அடிச்சது யோகம்! காது கேக்கலைன்னு ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வசமா மாட்டிக்கிட்டது நாங்கதான்" என்று சலூன்காரர் அச்சகக்காரரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அச்சகக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் தொண்டர் படைக்காரர்கள் அறுபது பேர் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வாரத்தில் ஆறு நாள் கத்தரிக்கோல், ஸ்டியரிங், பெயிண்ட் பிரஷ் என்று அவரவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்ஸும் துப்பாக்கியும். இந்தத் தடவை வந்த கடிதமோ பயிற்சிக்கு அல்ல, எல்லைக்கு. பரிசோதனையில் தேறியவர்கள் அன்று மாலையே லாரி ஏற வேண்டும்.

"காது டெஸ்ட்ல டாக்டர் என்ன சொன்னாரு?" வெளியே வந்த ஒவ்வொருவரையும் அச்சகக்காரர் மறித்துக் கேட்டார்.

"பின்னாடி நின்னு ரகசியம் மாதிரி ரெண்டு நம்பர் சேர்த்துச் சொல்றாரு. நாம திருப்பிச் சொல்லணும். வலது காதுக்குப் பதினாறு, அறுபத்திமூணு. இடது காதுக்கு நாப்பத்தேழு, பத்தொம்பது" என்றார் பெயிண்டர். அடுத்து வந்த பஸ் டிரைவரும் அதே நம்பர்களைத்தான் சொன்னார்.

"கேட்டு வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் தப்பாச் சொல்லித் தொலை" என்று கண்ணடித்தார் சலூன்காரர்.

பிள்ளை குட்டி இல்லாத மனுஷன், அவருக்கு எங்கே தெரியும்! ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் எல்லைக்குப் போயாக வேண்டும் என்பது படையின் விதி. அப்பா தேறிவிட்டால் மகன் வீட்டுக்குப் போகலாம். தேறாவிட்டால் மகன் லாரி ஏற வேண்டும். போன மாதம் படையில் சேர்ந்தவன், துப்பாக்கியைப் பிடிக்கவே இன்னும் சரியாக வராது. அதோ, வரிசையின் கடைசியில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான், முட்டாப்பயல்.

இருபத்தாறு வருஷம் அச்சு இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றதில் அச்சகக்காரருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது மட்டும்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. "நாப்பத்தேழு, பத்தொம்பது... நாப்பத்தேழு, பத்தொம்பது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

டாக்டருக்குச் சின்ன வயசு. விடியற்காலையிலிருந்து உட்காரவே இல்லை போலிருக்கிறது. கண்கள் சிவந்து கிடந்தன, மேஜையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"சுவரைப் பார்த்து நில்லுங்க ஐயா. இடது காதை அடைச்சுக்குங்க... பதினாறு, அறுபத்திமூணு."

"பதினாறு, அறுபத்திமூணு!"

"சரி. இப்ப வலது காதை அடைங்க."

அடைத்தார். அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. டாக்டர் எப்போது சொல்லி முடிப்பார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐயோ கடவுளே, இதை யோசிக்கவே இல்லையே! முந்திக்கொண்டாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

பிடரியில் சூடாக மூச்சுக்காற்று பட்டது.

"நாப்பத்தேழு, பத்தொம்பது!"

வேலை முடிந்தது. பையன் பிழைத்தான்! அச்சகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகத் திரும்பினார்.

வலது காதை இன்னும் அடைத்திருந்த அவர் கையை டாக்டர் மெதுவாக எடுத்துவிட்டார்.

"ஐயா... நான் இன்னும் நம்பரே சொல்லலை. கொட்டாவிதான் விட்டேன்."