செகுனின் நீலச் சட்டை

ஸ்டுட்கார்ட் மண்டபமொன்றில் நைஜீரியாவின் யொரூபா மக்களுடைய முரசுகள் அதிர்கின்றன. இறந்துபோனவர்கள் முகமூடி ஆட்டக்காரரின் உடலில் திரும்பி வரும் விழா இது. தலை முதல் கால் வரை அவரை மூடியிருக்கும் துணிப்பட்டைகள், அவர் சுழலும்போது குடையாய் விரிகின்றன. அவற்றில் ஒன்று, மாசியில் இறந்த யொரூபாக்காரன் செகுனின் நீலச் சட்டையிலிருந்து வெட்டியது. அவன் மனைவி தர்மினிதான் அதைக் கொடுத்தாள். யன்னல் வெயிலில் அந்த நீலம் தெரிந்து மறைகிறது. ஆட்டக்காரர் அவள் முன்னால் வந்து நிற்கிறார். அவள் கை தானாக நீள்கிறது.

“பெண்டுகள் தொடக்கூடாதெண்டு சொன்னவையெல்லே,” என்று அக்கா சுலோஜனா அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்.

ஆட்டக்காரர் மீண்டும் சுழல்கிறார். துணிகளின் காற்று முகத்தில் அடிக்க, தர்மினி கண்களை மூடி ஆழமாக மூச்சிழுக்கிறாள். சவர்க்கார மணம் மட்டுமே வருகிறது.

“அக்கா, அதை ஏன் நான் தோய்ச்சுக் குடுத்தனான்?”