நாலு மணி பத்து நிமிஷம்

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“இப்பத்தானே கேட்டீங்க? மூவாயிரத்து நூறு கிலோமீட்டர்ல ஆயிரத்து நானூறு போயிடுச்சு,” என்றாள் மனைவி, மடியிலிருந்த போனைப் பார்த்து. “மொத்தம் நாலு மணி பத்து நிமிஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்காருங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். முன் இருக்கை முழங்காலில் இடித்தது. காதை அடைக்கும் இரைச்சல் வேறு.

மனிதர் லிஃப்ட் மெக்கானிக். முப்பதாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டே டீ குடிப்பார். விமானம் என்றால் மட்டும் பயம். இதற்கு முன் இரண்டு முறை, கதவைச் சாத்துவதற்குள் இறங்கி ஓடிவந்து குடும்ப மானத்தை வாங்கியிருக்கிறார். கடல் தாண்டி வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி.

“லிஃப்ட்டுக்கு மேல கம்பி இருக்கு, நானே மாட்டினது. இதுக்கு மேல என்ன இருக்கு?”

“ஆகாசம் இருக்கு. பேசாம இருங்க.”

“திரும்பி வரவும் இதே நேரம்தானா?”

“நாலே முக்கால் மணி. எதிர்க்காத்தாம்.”

“அதென்ன நியாயம்? தூரம் ஒண்ணுதானே? என் லிஃப்ட் ஏறவும் இறங்கவும் ஒரே நேரம்தான்.”

“அப்ப லிஃப்ட்லயே போய்ப் பேத்தியைப் பாருங்க.”

திடீரென்று இருக்கை குலுங்கியது. மறுபடி, இன்னும் பலமாக. அவர் மனைவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். இன்னொரு கை தானாக இடுப்புக்குப் போனது.

“பெல்ட்டைக் கழற்றக் கூடாது, சார்,” தண்ணீர்த் தட்டோடு வந்த பெண் கறாராகச் சொன்னாள்.

“கொஞ்ச நேரம் நின்னுக்கறேன்மா.”

“உட்காருங்க, சார்.”

உட்கார்ந்தார். மனைவி குரலைத் தாழ்த்தினாள். “இந்தத் தடவையும் எழுந்தீங்கன்னா நான் தனியாத்தான் போவேன். குழந்தை நடக்கறதையும் போன்லயே பார்த்துக்குங்க.”

அது சுருக்கென்று தைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐநூறு என்று மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். இன்னும் மூன்று முறை குலுங்கியது. கடைசி முறை அவர் அவள் கையைத் தேடவே இல்லை.

“மூவாயிரத்து நூறு.” மனைவி அவர் தோளைத் தட்டினாள். “வந்து சேர்ந்தாச்சுங்க.”

அந்தப் பெண் தட்டை வைத்துவிட்டுக் கை தட்டினாள். பின்னாலிருந்து விசில் பறந்தது. அவர் எழுந்து நின்றார். கால் மரத்துப் போயிருந்தது, ஆனால் மனசு துள்ளியது. ஜெயித்துவிட்டார், அவ்வளவுதான்.

பின்னாலிருந்து அவர் நாற்காலியைக் குலுக்கிக் குலுக்கி வலித்த கைகளை உதறியபடி மகன், இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த ஸ்பீக்கரை அணைத்தான். இவ்வளவு நேரம் மாமனாரை ‘சார்’ போட்டுக் கூப்பிட்ட மருமகள் ஜன்னல் திரையை விலக்க, ஹாலில் வரிசையாகக் கிடந்த சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் மேல் வெயில் விழுந்தது.

“டிக்கெட்டைப் போடுடா,” என்றார் அவர், மருமகளின் துப்பட்டாவை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டே. “வீட்டுக்குள்ளேயே பறந்தது போதும்.”