தபாலதிபரின் இதய அலை

“ஐயாவுக்குப் பிறசர் இருக்கு. அதுவும் கனகாலமாய்,” என்று கூறி, இதய மின்வரைபுத் தாளை மேசைமேல் விரித்தார் மருத்துவர் ஷரோன்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் கிருபைரட்ணம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். திங்கட்கிழமை அவருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை. அதற்குரிய உடற்தகுதிச் சான்றிதழுக்காகவே மனைவியுடன் வட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். சான்றிதழ் இல்லையேல் திகதி போய்விடும். அடுத்த திகதிக்கு ஆறு மாதம். அதுவரை நாளிதழைப் பிறர் வாசிக்கத் தாம் கேட்பதா?

“இப்பதானே பிள்ளை கையிலை கட்டிப் பாத்தனீங்கள்? நூற்றிமுப்பதுக்கு எண்பது, நல்லாயிருக்கு எண்டனீங்கள்.”

ஷரோன் பொறுமையாக விளக்கினார். கையில் கட்டும் கருவி அந்த நிமிடத்து அழுத்தத்தை மட்டுமே கூறும். இந்தத் தாளோ இதயம் பட்ட பாட்டைக் கூறும். உயர் அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்காகக் குருதியைத் தள்ளும் இதயத்தின் இடப்பக்கச் சுவர், மூட்டை சுமப்பவரின் தோளைப்போலத் தடித்துவிடும். அப்போது அலைகள் இவ்வாறு பனைபோல் நெடுத்து நிற்கும். மேல்நோக்கியிருக்க வேண்டிய கடைசி அலையும் இதிலே கவிழ்ந்து கிடந்தது. இனி, ஸ்கான் செய்து பார்த்த பின்னரே சான்றிதழ்.

மெசின் பிழை என்றார் கிருபைரட்ணம். காலையில்தான் சரிபார்த்ததாக ஷரோன் கூறி, தாளின் தலைப்பைச் சுட்டினார். ‘கிருபைரட்ணம்’ என்று பேனையால் எழுதியிருந்தது. தந்தை பெயரின் முதலெழுத்தைக்கூட இடாமல் ஒரு மனிதனின் பெயரை எழுதும் காலம் வந்துவிட்டதே என்று அவர் மேலும் கொதித்தார்.

கொதிப்பு, வழக்கம்போல, மனைவியை நோக்கித் திரும்பியது.

கணவரின் குடையையும் மருத்துவக் கோப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு, கதவோரம் அமர்ந்திருந்தார் அவ்வம்மையார். மிஷன் பள்ளியில் பியாட்றிஸ் என்று இருந்தவர். மணமான நாள்முதல், எவர் பெயர் கேட்டாலும் ‘மிசிஸ் கிருபைரட்ணம்’ என்றே விடையளிப்பவர். காலையில் இரண்டு மாடிகளின் படிகளையும் கணவர் நில்லாமல் ஏறிவிட்டு, மேலே நின்று அதட்ட, அவர் இடையிடையே நின்று நின்று ஏறி வந்திருந்தார்.

சொதிக்கு அள்ளிப் போடும் உப்பில் தொடங்கி, கூப்பிட்டால் உடனே வராமை, கண்ணாடியை இடம் மாற்றி வைத்தல், ஆலயத்துக்குப் பிந்திப் புறப்படுதல் என்று மனைவியின் குற்றங்களை அவர் மருத்துவருக்கு எடுத்துரைத்தார்.

“கலியாணம் கட்டி நாப்பத்திரண்டு வருஷம், டொக்டர். நான் பட்ட பாடு எல்லாம் இந்தத் தாளிலை தெரியுதோ?”

“ஓம் ஐயா, வடிவாய்த் தெரியுது,” என்றார் ஷரோன்.

அந்நேரத்தில், மின்வரைபு எடுக்கும் ஊழியர் நிருஷன் இன்னொரு தாளுடன் உள்ளே வந்தார்.

“டொக்டர், தாள் மாறிப்போச்சு. ஐயாவின்ரை இதுதான். படி ஏறி வரேக்கை அம்மாவுக்கு நல்லாய் மூச்சு வாங்கினது. பாத்திட்டு அவவுக்கும் ஒண்டு எடுத்தனான். பேர் கேட்க, மிசிஸ் கிருபைரட்ணம் எண்டவ. நான் மிசிஸை விட்டிட்டு எழுதிப்போட்டன். மேசையிலை கிடக்கிற உது அவவின்ரை.”

புதிய தாளில் அலைகள், கோடிட்ட கொப்பியில் எழுதியவைபோல் ஒழுங்காக இருந்தன. முப்பத்தாறு ஆண்டுகள் ஊரார் கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பித்த மனிதர், மனைவியின் இதயத்தைத் தமக்கு வந்ததென்று கையேற்றிருந்தார்.

ஷரோன் சான்றிதழில் கையொப்பமிட்டு அவரிடம் நீட்டினார். பிறகு எழுந்து சென்று, அம்மையாரின் கையில் கருவியைக் கட்டினார். நூற்றுத்தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து.

“எவ்வளவு காலமாய் அம்மா உங்களுக்கு இப்பிடி?”

அம்மையார் குடையையும் கோப்பையும் போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கணவரின் மடியில் வைத்தார்.

“இவர் இப்பதானே பிள்ளை சொன்னவர். நாப்பத்திரண்டு வருஷம்.”