ஜீப் வாசலில் நிற்கிறது

சம்சுதீன் ஜீப்பை அணைக்கவே இல்லை. கூடலூரின் அந்தச் சந்தில் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது.

உள்ளே பஞ்சம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டெங்கு, இன்றோடு ஐந்து நாள். காலையில் காய்ச்சல் விட்டதும் அம்மா பிழைத்தாள் என்று மகள் ஜோதிலட்சுமி சூடம் கொளுத்தியிருக்கிறாள். காய்ச்சல் விடுகிற நாள்தான் பொல்லாதது என்று நர்ஸம்மா வந்து சொன்ன பிறகே அவள் சம்சுதீனுக்குப் போன் போட்டாள்.

சம்சுதீன் தொட்டுப் பார்த்தான், பஞ்சம்மாளின் கை சில்லென்று கிடந்தது.

"எந்திரிக்கா. கம்பம் ஆஸ்பத்திரி இருவது நிமிசந்தான்."

"வேணாம் பாய். அங்கன குளுக்கோஸ் ஏத்துவாக. ஏத்துனா ரத்தம் தண்ணியாப் போயி ஆளு முடிஞ்சிரும்."

நர்ஸம்மா சொல்லியும் கேட்கவில்லை. மகள் காலைப் பிடித்தும் கேட்கவில்லை. இவளா இப்படி! பதினோரு வருஷமாக அவன் ஜீப்பில் குமுளிக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறவள், ஒரு நாளும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

ஜீப்பில் வரும் பெண்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு சம்சுதீன் வாட்ஸப் குழுவில் பேசி அனுப்புவான். நாளைக்கு எந்த எஸ்டேட், எத்தனை மணிக்கு ஜீப், மழையா, பந்த்தா, எல்லாம் அதில் வந்துவிடும். அது ஒரு நாளும் பிசகியதில்லை. அதை நம்பித்தான் அத்தனை வீட்டிலும் விடியுமுன் உலை வைப்பார்கள்.

சம்சுதீன் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். எந்தக் கூறுகெட்டவன் சொன்னான் என்று கத்த வாயெடுத்தான்.

பஞ்சம்மாள் தலையணைக்கடியிலிருந்து செல்லை எடுத்து அமுக்கினாள்.

"டெங்கு வந்தா குளுக்கோஸ் மட்டும் ஏத்த விட்றாதீக. பெரிய டாக்டரே சொன்னாகளாம்."

சம்சுதீனின் குரல். போன வாரம் எவனோ அனுப்பியதைக் கேட்டுவிட்டு, நம்ம ஆட்களுக்கு நல்லதாயிற்றே என்று டீக்கடையில் நின்றபடி பேசி அனுப்பியது.

"தப்புக்கா. தெரியாமச் சொல்லிட்டேன்."

"எம்மக அழுகுறதப் பாத்து இப்பிடிச் சொல்றீக பாய். போன்ல சொன்னதுதான் நெசம்."

அவன் வெளியே ஓடினான். ஜீப்பில் சாய்ந்து செல்லை வாயருகே வைத்தான்.

"சம்சு பேசுறேன். போன வாரம் நான் சொன்னது அம்புட்டும் பொய். டாக்டரு குளுக்கோஸ் ஏத்தச் சொன்னா ஏத்தணும். பஞ்சம்மாக்கா, ஜீப் வாசல்ல நிக்கிது."

உள்ளே அவள் செல் சிணுங்கியது. அதே சொற்கள் இன்னொரு தரம் கேட்டன.

கொஞ்ச நேரத்தில் பஞ்சம்மாள் மகள் தோளைப் பிடித்தபடி வந்தாள். பழக்க தோஷம், கையில் வேலைக்குக் கொண்டுபோகிற தூக்குவாளி இருந்தது. அல்லாவே என்று அவன் கியரைப் போட்டான்.

இப்போது அவன் செல் சிணுங்கியது. அதே ஜீப்பில் வருகிற பேச்சியம்மாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"பேச்சி பேசுறேன் பாய். எங்க வீட்டுக்கு ஜீப் வேணாம். நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் நெசம், குளுக்கோஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகல. எம்புருசனுக்கு டெங்குக் காய்ச்சல் இன்னைக்குக் காலையிலயே விட்ருச்சு."