பையும் கழுத்தட்டையும்

“இன்னைக்கும் அதே பை! பார்த்தியா?” என்றார் அச்சகக்காரர், மனைவியிடம்.

அச்சகத்தை அடுத்திருந்தது சிறிய கூட்டுறவு வங்கி. அதன் தலைவர் சில நாள்களாகக் காலைதோறும் பையோடு புறப்பட்டு, தெருவைக் கடந்து, எதிரேயிருந்த பெரிய வங்கிக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

“அக்கா வீடு வித்த பணம் மொத்தமும் இங்கேதான் கெடக்கு. நான் சொல்லித்தான் போட்டாங்க. இவரு தன் பணத்தை ஓசைப்படாம அங்கே மாத்திக்கிறாரு!”

“ஓசைப்படாமலா? கழுத்துல பேங்க் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டுல்ல போறாரு!”

“திமிரு! லாபத்தைக்கூட மெம்பருங்க நமக்குப் பிரிச்சுக் குடுக்காத ஆளு. கேட்டா, பேங்கோட சொந்த முதலோட சேர்க்கணுமாம். எங்கே சேர்ந்துச்சோ!”

நெஞ்சில் புகுந்த ஐயம் நாவில் ஏறாமல் இருக்குமா? அச்சகக்காரர் அக்கம்பக்கத்துக் கடைகளில், “உங்களுக்கு மட்டும் சொல்றேன்” என்று ஓதிவிட்டு, அக்காவோடு சேர்ந்து வைத்திருந்த கணக்கைத் துடைத்து, பணத்தை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தலைவரைத் தேடிப் பெரிய வங்கிக்குள் நுழைந்தார்.

உள்ளே பெருங்கூட்டம். பணம் எடுக்க வந்தவர்களின் முகத்தில் ஈயாடவில்லை. நடுவே தலைவரின் குரல்:

“பணம் போட வந்திருக்கேன், கொஞ்சம் வழி விடுங்க!”

வரிசையில் நின்ற சிலர் அவருடைய கழுத்தட்டையைப் பார்த்தனர். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியேறினர்.

அச்சகக்காரர் தலைவரை ஓரமாக இழுத்தார். “கையும் களவுமாப் பிடிச்சுட்டேன். நம்ம பேங்க் முழுகப் போகுதா?”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “நம்மளது முழுகாதுய்யா. பிரிச்சுக் குடுக்காத லாபம் தாங்கும். வதந்தி இந்த பேங்க் மேலதான். உருவம் பெரிசு, சொந்த முதல் கம்மி. ஆனா இது சாஞ்சா ஊர்ல ஒரு கடையும் மிஞ்சாது. எல்லாரோட வரவு செலவும் இங்கேதானே?”

“அதுக்கு நீங்க…?”

“பேங்க்காரனே பணம் போடறான்னு பார்த்தா நாலு பேரு வீட்டுக்குத் திரும்புவாங்க. என் சொந்தக் காசுதான். ஒரேயடியாப் போட்டா ஒரு நாள்தானே பார்ப்பாங்க?”

அச்சகக்காரரின் செல்போன் அலறியது. அக்கா.

“தம்பி, நம்ம சின்ன பேங்க் வாசல்ல நிக்கறேன்டா. கூட்டம் கதவை உடைக்குது! தலைவரே பணத்தை மாத்திட்டாராம். எவனோ சொன்னானாம். நம்ம பணம் என்னாகுமோ?”

அந்த ‘எவனோ’ செல்போனை அணைத்தார். தெருவைக் கடந்து ஓடினார். கூட்டத்தின் பின்னால் நின்று, பணப்பையை எல்லாரும் காணத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“பணம் போட வந்திருக்கேன், கொஞ்சம் வழி விடுங்க!”