வித்தியாசமே இல்லாத மூன்று

"அந்த ஜனங்க மாத்திரையை ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டாங்க. அந்த மூணு ஆய்வையும் தனிக் குழுவாப் பிரிச்சு, அதையே காரணமா எழுதிடும்மா!" என்றார் ஆராய்ச்சி நிலைய டைரக்டர்.

வைதேகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்த அழுத்த மாத்திரை ஒன்றைப் பற்றிய பன்னிரண்டு ஆய்வுகளை அவள் தொகுத்திருந்தாள். ஒன்பதில், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் இறங்கியிருந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இறங்கவில்லை. மீதி மூன்றில் இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. மூன்றும் விவேக் நகரில் ஓர் இலவச கிளினிக்கில் நடந்தவை.

"ஏழைங்கன்னா ஏமாத்துவாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து நேரே அங்கே போனாள்.

விஷயத்தைக் கேட்டதும் நர்ஸ் பிலோமினா பதிவேட்டைத் தூக்கி மேஜையில் போட்டாள். "சும்மா பழி போடாதீங்க மேடம். மூணு ஆய்வுலயும் ஒரு மாத்திரை மிச்சமில்ல. எல்லாரும் என் கண் முன்னாடிதான் முழுங்கினாங்க."

"இதைக் கொண்டுபோய் அந்த மனுஷன் மூஞ்சியில விட்டெறியறேன்!" பதிவேட்டுடன் எழுந்த வைதேகி வாசலில் நின்றாள். "அப்புறம் ஏன் வித்தியாசமே வரல?"

"எப்படி வரும்? ரெண்டு டப்பா அனுப்பினீங்க. ஒண்ணுல வெறும் மாவுன்னு சொன்னீங்க, எதுலன்னு சொல்லல. பாதி ஜனத்துக்கு மாவைக் கொடுத்துட்டு நான் வேடிக்கை பார்க்கணுமா?" பிலோமினா சீறினாள். "ரெண்டையும் ஒரே குண்டான்ல கொட்டிக் கலந்து, எல்லாருக்கும் சமமாத்தான் கொடுத்தேன். மூணு தடவையும்!"